நல்ல நாளும் நடு வரிசைகளும்

கத்தரிக்கோலை எப்படிப் பிடிப்பது, திராட்சைக் கொடியில் எந்த மொட்டை விட்டு எதை வெட்டுவது என்பதையெல்லாம் உங்களுக்கு நிவேதா காட்டித் தருவாள். அவள் என்னைவிடப் பொறுமையானவள், சத்தம் போடவும் மாட்டாள். நான் ஓய்வு பெற்று ரொறன்ரோ ஸ்காபரோவில் வீட்டோடு இருக்கிறவன். குனிந்து நிமிர்ந்து வேலை சொல்லித்தர எனக்கு இனி முதுகும் இல்லை, முழங்காலும் இல்லை. இந்தத் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களோடு ஒரு நாள் கதைக்கச் சொல்லி அவள்தான் கேட்டாள். கதைத்தால் அரைவாசியை மறந்துவிடுவேன் என்பதால் எழுதித் தருகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பயந்தாங்கொள்ளி. தொலைபேசியில் காலநிலை பார்க்க மூன்று செயலிகள் வைத்திருக்கிறேன். மூன்றும் ஒன்றையே சொன்னால் நான்காவதைத் தேடுவேன். "கல்யாணம் கட்டின நாளில இருந்து நீங்கள் என்ர முகத்தை இவ்வளவு தரம் பாத்திருப்பியளே?" என்று மனைவி கேட்பாள். ஏப்ரல் வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. புதிதாக வருகிறவர்கள் அனுபவம் கூடினால் பயம் போய்விடும் என்று நினைக்கிறார்கள். என்னுடையது போகவில்லை. பயத்தோடு எப்படி முடிவெடுப்பது என்று மட்டும் கொஞ்சம் பிடிபட்டது. அது பிடிபட்ட விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யோகன் அண்ணையையும் சாந்தி அக்காவையும் நீங்கள் இப்போது முதலாளி, முதலாளியம்மா என்று பார்க்கிறீர்கள். எனக்கு அவர்கள் ரொறன்ரோவில் பார்க்டேல் பக்கம் என்னோடு ஒரே மாடிக் கட்டடத்தில் குடியிருந்தவர்கள். நாட்டைவிட்டு வந்த புதிதில் ஒரு சட்டி கறியை இரண்டு வீட்டுக்கும் பங்கிட்டிருக்கிறோம். பிற்காலத்தில் நகரத்துக்குக் கிழக்கே விட்பியையும் தாண்டி, ஏரியைப் பார்த்தபடி சரிந்து கிடக்கும் இந்தக் காணியை வாங்கி, திராட்சை நட்டு வைன் செய்யப் போகிறோம் என்று அவர்கள் சொன்னபோது எங்கள் சனம் சும்மா விடவில்லை. "யோகன் கனடாவில கள்ளுக்கொட்டில் போடுறார்" என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரித்தார்கள். சொன்ன வாய்கள்தான் பிறகு போத்தலை ஓசியில் கேட்டு வந்தன. அதற்கு முன்பே நயாகராப் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் வேலை பழகியிருந்த என்னை அவர் கூப்பிட்டார். வந்தவன் ஓய்வு பெறும்வரை இங்கேயே நின்றுவிட்டேன்.

நயாகராவைவிட இங்கே குளிர் பொல்லாதது. கொடியை நிமிர்ந்தபடியே விட்டால் பனிக்காலம் அதைக் கொன்றுவிடும். அதனால் இலை கொட்டியதும் கொடிகளை நிலத்தோடு வளைத்துக் கட்டி மண்ணால் மூடுகிறோம். வசந்தத்தில் மண்ணை விலக்கி எடுத்துக் கம்பியில் கட்டுகிறோம். மூடுவதற்கு நாளும் கோளும் பார்க்கத் தேவையில்லை. திறப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிந்தினால் மண்ணுக்குள்ளேயே மொட்டு முளைத்து அழுகும். முந்தினால் கடைசியாக வரும் உறைபனி மொட்டைக் கருக்கிவிடும். எந்த நாள் சரியான நாள் என்பது அந்த நாள் போன பிறகுதான் தெரியும்.

நான் சொல்ல வருகிற வருடம், யோகன் அண்ணையின் மகள் நிவேதா கொடி நட்ட காணித் துண்டு முதல் தடவையாக முழு விளைச்சல் தர வேண்டிய வருடம். அவள் மார்க்கம் நகரத்தில் நல்ல கணினி வேலையில் இருந்தவள். அதை விட்டுவிட்டு வந்து, சரிவின் அடியில் இருந்து மேலே களஞ்சியம் வரை தன் கையாலேயே அந்தக் கொடிகளை நட்டாள். அதற்குள் பக்கத்துக் காணி விற்பட்டு, சரிவின் அடியில் புது வீடுகள் எழும்பிவிட்டன. எங்கள் காணியையும் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். யோகன் அண்ணை மகளைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னார்: "இந்த வருசம் உன்ர துண்டு ஒழுங்கா காய்ச்சா காணி இருக்கும். இல்லாட்டி குடுத்திடுவன். நீ திரும்ப ஒபிசுக்குப் போ." அவர் பொல்லாத மனிதர் அல்ல. களைத்துப்போயிருந்தார். நிவேதா சரி என்று தலையாட்டினாள்.

சித்திரைப் புத்தாண்டில் நல்ல நேரம் பார்த்துத் தொழிலைத் தொடங்குவது எங்கள் வழக்கம். படிக்கிறவன் புத்தகத்தைத் திறப்பான், கமக்காரன் மண்ணைக் கொத்துவான். யோகன் அண்ணை அந்த நேரத்தில் ஒரே ஒரு கொடியைத் திறப்பார். நிவேதாவின் துண்டு வந்ததில் இருந்து அது, வாசல் படலைக்குக் கிட்ட, ஆகக் கீழ் வரிசையில் முதலாவதாக நிற்கிற கொடி. சாந்தி அக்கா அதற்குக் குங்குமம் வைத்து, பூ வைத்து, பொங்கலும் படைப்பா. எல்லாரும் கும்பிட்டுச் சாப்பிட்டுப் போவார்கள். மற்றக் கொடிகள் மண்ணுக்குள் நிம்மதியாகக் கிடக்கும்.

அந்த வருடம் புத்தாண்டு வார இறுதியில் வந்தது. ஏப்ரலில் நம்ப முடியாத வெயில். ஜாக்கெட் இல்லாமல் நிற்கலாம். மார்க்கத்தில் இருந்தும் ஸ்காபரோவில் இருந்தும் வான் வண்டிகள் நிறையச் சனம் வந்து இறங்கியது. எங்கள் சனத்தின் குணம் உங்களுக்குத் தெரியும். அடுத்தவன் வேலை செய்கிற இடத்தில் கைகட்டி நிற்கத் தெரியாது. முதல் கொடியை அண்ணை திறந்ததும், அவருடைய மைத்துனர், நாங்கள் எல்லாரும் மாமா என்று கூப்பிடுகிறவர், "என்ர கையாலயும் ஒண்டு" என்று மண்வெட்டியைத் தூக்கினார். பிறகு அவருடைய மனைவி, மாமி. பிறகு ஆளுக்கு ஒன்று. ஒருவர் திறந்ததை மற்றவர் படம் எடுத்தார்.

நான் அண்ணையை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனேன். "அண்ணை, ஒண்டு காணும், போதும். மிச்சம் மூடினபடி கிடக்கட்டும். சனத்தை வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

அவருக்கு முகம் மாறியது. "ரவி, நல்ல நாளும் அதுவுமா வேண்டாம் எண்ட சொல்லை வாயில எடுக்காதையும். ஆசையா வந்து நிக்குதுகள். வருசப்பிறப்பில மறிச்சா வருசம் முழுக்க மறிக்கும்."

நிவேதாவிடம் போனேன். துண்டு அவளுடையது, அவள் சொன்னால் நிற்பார்கள். அவளுக்கும் முகம் வெளிறித்தான் இருந்தது. "எனக்கும் பயம்தான் அங்கிள். பட், அப்பாவைப் பாருங்கோ. எத்தினை வருசத்துக்குப் பிறகு இப்பிடிச் சிரிக்கிறார்! இண்டைக்குப் போய் நான் எப்பிடி நோ சொல்லுறது?"

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அவளுடைய துண்டு முழுவதும் திறந்து கிடந்தது. சனம் கை கழுவிவிட்டு வடையும் பாயசமும் சாப்பிட்டது. நான் பாயசத்தை வைத்துவிட்டுச் செயலிகளைத் திறந்து பார்த்தேன்.

அதற்குப் பிறகும் வெயில் விடவில்லை. வெளியே வந்த மொட்டுகள் வீங்கி, பஞ்சு மாதிரி வெளுத்து, நுனியில் இளஞ்சிவப்புக் காட்டின. "பாத்தீரே, சாமி கைவிடேல்லை" என்று அண்ணை என் முதுகில் தட்டினார். பிறகு ஒரு காலை என்னுடைய மூன்று செயலிகளும் ஒன்றையே சொன்னன: மறுநாள் விடியும்போது காற்றில்லாத, முகிலில்லாத, கடும் உறைபனி.

அண்ணை, அக்கா, நிவேதா மூன்று பேரையும் தோட்டத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். அண்ணை உடனே தொலைபேசியை எடுத்தார். "திறந்த சனத்தையே கூப்பிடுவம். எல்லாத்தையும் திரும்பப் புதைப்பம்."

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வீங்கிய மொட்டு மண்ணைத் தாங்காது. சொன்னால் நம்பமாட்டார் என்று ஒரு கொடியை அவருக்கு முன்னால் வளைத்து மண்ணை அள்ளிப் போட்டு, திரும்ப எடுத்துக் காட்டினேன். மொட்டுகள் உதிர்ந்து என் உள்ளங்கையில் கிடந்தன. ஒவ்வொரு மொட்டும் ஒரு குலை. அப்படி ஒரு கணத்தை நீங்களும் ஒருநாள் சந்திப்பீர்கள். அப்போது எல்லாரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

மேலால் போர்த்தலாம் என்றேன். துணி நிலம் தொடும்படி விழுந்தால் மண்ணின் சூடு வெளியே போகாது. அதற்கென்று விற்கிற துணியைத் தேடிக் கடை கடையாக அழைத்தோம். சுற்றுவட்டத்துத் தோட்டக்காரர்கள் எல்லாரும் எங்களுக்கு முன்பே வாங்கிவிட்டார்கள். ஒரு முழம்கூட இல்லை.

"துணிதானே வேணும்?" என்றா சாந்தி அக்கா. "ரொறன்ரோவில தமிழ்ச் சனத்தின்ர வீடுகளில சீலைக்குப் பஞ்சமே? பேஸ்மன்டில சூட்கேஸ் சூட்கேஸாக் கிடக்குது." அவ தொலைபேசியோடு வாசல் படியில் இருந்தா. அரைமணி நேரத்தில் முதல் வான் கிளம்பிவிட்டது என்று செய்தி வந்தது.

ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருகிற சீலை எல்லாம் போட்டாலும் துண்டில் அரைவாசிக்குத்தான் காணும். எங்கே போடுவது? மூளை ஓடவில்லை. களஞ்சியத்துக்குப் பின்னால் போய், நயாகராவில் எனக்கு மேற்பார்வையாளராக இருந்த இத்தாலியப் பெண்மணிக்கு அழைத்தேன். பெயரைச் சொன்னால் அவவுக்குப் பிடிக்காது, விடுங்கள். அவவுடைய தோட்டத்துக்கும் அதே குளிர் வந்துகொண்டிருந்தது. நான் மூச்சுவிடாமல் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டா: "எதை விடப் போகிறாய்?" ஒன்றையும் விட ஏலாது, முழுவதும் அந்தப் பிள்ளையின் உழைப்பு என்றேன். "அப்ப முழுவதும் போகும்" என்று சொல்லி வைத்துவிட்டா. எனக்குக் கோபத்தில் காது சுட்டது. இவ்வளவு வருடப் பழக்கத்தில் ஒரு ஆறுதல் வார்த்தை வரவில்லையே என்று திட்டிக்கொண்டுதான் சரிவில் இறங்கினேன்.

இறங்கும்போதுதான் அந்த வேலி கண்ணில் பட்டது. புது வீடுகளுக்காக எங்கள் எல்லையோடு அடித்திருந்த மரவேலி, இடுக்கில்லாமல் பலகை அடித்த வேலி. குளிர்ந்த காற்று பாரமானது. தண்ணீர் மாதிரிச் சரிவில் வழிந்து பள்ளத்துக்குத்தான் போகும். முந்தி அது எங்கள் காணியைத் தாண்டி ஏரிப் பக்கம் ஓடிவிடும். இப்போது வேலி அதை மறித்துக் குளமாகத் தேக்கும். அந்த வாரம் காலைகளில் பனிப்புகார் வேலியோடு ஒட்டிக் கிடந்ததை நான் பார்த்திருந்தேன், யோசிக்கவில்லை. கீழ் வரிசைகளை என்ன போர்த்தினாலும் காப்பாற்ற ஏலாது. களஞ்சியத்தை ஒட்டிய மேல் வரிசைகளில் குளிர் தங்காது, அவை துணி இல்லாமலே பிழைக்கலாம். துணி பிரயோசனப்படுகிற இடம் நடு வரிசைகள் மட்டும்தான்.

இதை மூன்று பேருக்கும் சொன்னேன். அண்ணை கீழ் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். குங்குமம் காய்ந்து அந்த முதல் கொடியில் இன்னும் இருந்தது.

"சாமிக்கு வச்சுத் தொடங்கின கொடியை விடச் சொல்லுறீரோ?"

"ஓம் அண்ணை."

"என்ன கதை கதைக்கிறீர்? முதல் அதைத்தான் மூடவேணும். பேந்து மிச்சத்தைப் பாப்பம்."

"அதுக்குப் போடுற சீலை வீண் அண்ணை. அந்தச் சீலை நடுவில ஒரு கொடியைக் காப்பாத்தும்."

அவர் என்னை அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். நிவேதா என் பக்கம் திரும்பினாள். "ஷுவரா அங்கிள்?"

அந்த இடத்தில் ஓம் என்று சொல்லியிருந்தால் எனக்கும் ஆறுதல், அவளுக்கும் ஆறுதல். "இல்லைப் பிள்ளை. ஷுவர் இல்லை. ஆனா என்ர துண்டா இருந்தா இதைத்தான் செய்வன்" என்றேன். அவள் கீழ் வரிசைகளைப் பார்த்தாள். அவள் ஆக முதலில் நட்ட வரிசைகளும் அவைதான். "நடுவில போடுவம் அப்பா" என்றாள். அண்ணை திரும்பி நடந்துவிட்டார்.

பின்னேரம் முழுவதும் சீலை விரித்தோம். புத்தாண்டுக்கு மண்வெட்டி தூக்கிய அதே சனம், இந்த முறை படம் எடுக்க ஆளில்லை. காஞ்சிபுரம் வந்தது, நைலெக்ஸ் வந்தது, பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு மேடைக்குக் கட்டின திரைகூட வந்தது. மாமி ஒரு நீலச் சீலையைப் பிரித்துவிட்டுக் கத்தினா: "இது நான் கமலாவின்ர மகளின்ர கலியாணத்துக்குக் குடுத்தது! மடிப்புக்கூடக் கலைக்கேல்லை! இது எப்பிடி ராணியின்ர சூட்கேசுக்குள்ள வந்தது?" அந்தப் பதற்றத்திலும் சிரிக்காதவர் இல்லை. நான் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு சீலையும் விழும்போது, தப்பான வரிசையில் போடுகிறேனோ என்று வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினேன்.

எல்லாம் முடிந்து வெளிச்சம் மங்கும்போது கீழே யாரோ குனிந்து நிற்பது தெரிந்தது. யோகன் அண்ணை. தன்னுடைய தடித்த பனிக்கால ஜாக்கெட்டைக் கழற்றி, அந்த முதல் கொடிக்குப் போர்த்தி, அதன் கை இரண்டையும் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். வெறும் சட்டையோடு குளிரில் நின்றார். நான் ஒன்றும் சொல்லப் போகவில்லை. அது அவருடைய ஜாக்கெட்.

காலையில் வெயில் ஏறிய பிறகு போய்ப் பார்த்தோம். நடுவில் சீலையைத் தூக்கத் தூக்க மொட்டுகள் பஞ்சும் சிவப்புமாக அப்படியே இருந்தன. மேல் வரிசைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் போயிருந்தன. கீழே வேலியோரம் எல்லாம் கருகிவிட்டது. அண்ணை ஜாக்கெட்டை அவிழ்த்தார். அதற்குள்ளும் மொட்டுகள் கறுத்துச் சோர்ந்து கிடந்தன. விரலால் தொட்டார், பொடிந்தது. ஜாக்கெட்டை உதறிப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நடுவில?"

"இருக்குது அண்ணை."

அவர் தலையாட்டினார். நான் சீலைக் குவியலின் மேல் குந்தியிருந்து அழுதுவிட்டேன். சாந்தி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, காஞ்சிபுரத்தின் மேல் சிந்திவிட வேண்டாம் என்றா.

செப்ரெம்பரில் நிவேதாவின் துண்டு, தர வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தந்தது. கடைசிப் பெட்டி ஏறிய அன்று அவள் தகப்பனுக்கு முன்னால் போய் நின்றாள். "முழுசா வரேல்லை அப்பா." கண்களை நிலத்தில் வைத்திருந்தாள். காணி போய்விட்டது என்றே நானும் நினைத்தேன். அண்ணை பெட்டியில் இருந்து ஒரு பழத்தை எடுத்துச் சப்பி, விதையைத் துப்பினார். "அரைவாசிதான் வந்தது. ஆனா அது எப்பிடி வந்தது எண்டு பாத்தனான். காணும் பிள்ளை" என்றார். காணி கேட்டு வந்தவர்களை அதற்குப் பிறகு நான் இங்கே காணவில்லை.

அந்தப் பனிக்காலம் நான் வேலையை விட்டேன். அடுத்த புத்தாண்டுக்கு விருந்தாளியாகத்தான் வந்தேன். சீலைக் கதை ஊரெல்லாம் பரவியிருந்ததால் முந்தின வருடத்தைவிடக் கூடச் சனம். வெயிலும் அதே மாதிரி. குங்குமம் வைக்கிற கொடியை இந்தமுறை நடு வரிசையில் தெரிவு செய்திருந்தார்கள். அண்ணை அதைத் திறந்தார், எல்லாரும் கும்பிட்டோம். கும்பிட்ட கை விரிவதற்குள் மாமா மண்வெட்டியோடு இரண்டாவது கொடிக்குப் போய்விட்டார். வாய் திறந்தேன், ஆனால் நான் இப்போது வேலைக்காரன் அல்லவே.

"மாமா, வேண்டாம்."

நிவேதாதான். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. நல்ல நேரத்தில், பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்று, அந்தச் சொல். மாமா தூக்கிய மண்வெட்டியோடு யோகன் அண்ணையைப் பார்த்தார். எல்லாரும் அவரைத்தான் பார்த்தோம்.

அண்ணை குனிந்து, தான் திறந்த கொடிக்கே மண்ணைத் திரும்ப அள்ளிப் போடத் தொடங்கினார். "துண்டு அவளின்ரை. அவள் வேண்டாம் எண்டால் வேண்டாம்தான்" என்றார், நிமிராமலே. "மண்வெட்டியை வச்சிட்டுச் சாப்பிட வாங்கோ மச்சான்."

இதோடு முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். அந்த வசந்தத்தில் உறைபனி வரவே இல்லை. ஒரு நாள்கூட இல்லை. எல்லாவற்றையும் அன்றைக்கே திறந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. மாமா அதை இன்றைக்கும் விடவில்லை. கல்யாண வீடு, செத்த வீடு எங்கே கண்டாலும் நிவேதாவுக்குச் சொல்லிக் காட்டுவார். போன வாரமும் என் முன்னாலேயே கேட்டார்: "அண்டைக்கு என்னை மறிச்சியே, என்ன நடந்தது? ஒண்டும் நடக்கேல்லை எல்லே?"

"ஓம் மாமா, ஒண்டும் நடக்கேல்லை" என்று சிரித்தாள் அவள். "இந்த வருசமும் நல்ல நாளில திறக்கிறது ஒண்டுதான்."